வீட்டு ஜெபக்குழுவில் பொறுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு மாலை ஒருவர் வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் உண்டு, லுத்தரன் சபையார் உண்டு, சொந்தப் பங்கில் அன்பியம் என்கிற சிறுகுழுக் கூட்டத்துக்கும் போய்விட்டு இங்கேயும் வருகிற கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. இங்கே உள்ள கேள்விகள் பெரும்பாலும் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கப்பட்டவை. கடைசி பஸ் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பொறுமையாக இருப்பது என்றால் எதையும் பேசாமல் விழுங்கிக்கொள்வதா?

இல்லை. மற்ற குழப்பங்கள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் இதை முதலில் வைக்கிறேன். கூட்டத்தில் ஒருவர் மனம் புண்படும்படி ஏதோ சொல்லிவிடுகிறார். கேட்டவர் "பரவாயில்லை, விடுங்க" என்கிறார். அப்புறம் பார்த்தால், அவர் உட்காரும் பாயில் இவர் உட்காருவதில்லை. அவர் பாட்டு ஆரம்பித்தால் இவர் வாய் திறப்பதில்லை. காபி டம்ளரைக் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டுகிறார். சண்டை நடக்கவில்லை என்பதால் இதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த ஆளை மனதுக்குள் எப்போதோ கைகழுவிவிட்டோம்.

இயேசு காட்டிய வழி மத்தேயு 18:15-17-ல் இருக்கிறது. சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் அவனிடம் போய், நீங்கள் இருவரும் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து என்கிறார். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். முதல் அடி எடுத்து வைக்க வேண்டியவர் புண்பட்டவர் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் அந்த மனிதர் யோசிக்க நேரம் கிடைக்கிறது, நமக்கும் கோபம் தணிய நேரம் கிடைக்கிறது. நான் புரிந்துகொண்டவரை ஐக்கியத்தில் பொறுமை என்பது இதுதான்: ஒருவரை விட்டுவிடாமல் அவரோடு தங்கியிருப்பது. பேச வேண்டியதைப் பேசுவதும் அந்தத் தங்குதலில் ஒரு பகுதி.

பொறுமையை எல்லா மதமும் சொல்கிறதே, கிறிஸ்தவத்தில் என்ன தனி?

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். பக்கத்து வீட்டு இந்து அக்காவிடமும் எதிர்வீட்டு பாயிடமும் நான் பார்த்த பொறுமை சபையில் பார்த்ததற்குக் குறைந்ததில்லை. அதனால் இது எங்களுக்கே சொந்தமானது என்று உரிமை கொண்டாட மாட்டேன்.

ஆனால் எங்கள் பொறுமைக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அது மத்தேயு 18-ன் பின்பாதியில் வரும் கதை. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன் காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். ராஜா கடனையே தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவனும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக் கெஞ்சுகிறான். இவன் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் கூலி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரு வருஷத்து நூறு நாள் கூலியும் மொத்தமாகப் போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆக, நமக்கு மற்றவர் செய்த தவறு சின்னது என்று இயேசு சொல்லவில்லை. அது பெரிய தொகைதான். ஆனால் ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படிப் பதினாயிரம் தாலந்து. ஓர் ஆள் எத்தனை ஜென்மம் எடுத்து உழைத்தாலும் கட்ட முடியாத அந்தக் கடன் நமக்குத் தள்ளுபடியாகி இருக்கிறது. எங்கள் பொறுமை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் நல்லவன், அதனால் பொறுத்துக்கொள்கிறேன் என்கிற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

பொறுமைக்காக ஜெபித்தால் சோதனை வரும் என்கிறார்களே, உண்மையா?

உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று ரோமர் 5-ல் பவுல் எழுதியதை வைத்து இப்படி ஒரு பயம் பல சபைகளில் சுற்றுகிறது. உபத்திரவம் கேட்டாலும் வரும், கேட்காவிட்டாலும் வரும். போர்வெல் வற்றுகிறது, மாங்காய் விலை விழுகிறது, பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன மகன் கையை உடைத்துக்கொண்டு வருகிறான். ஜெபிக்காதவர் வீட்டிலும் இதெல்லாம் நடக்கிறது. பயப்படாமல் கேளுங்கள்.

நான் சுபாவத்திலேயே முன்கோபி. எனக்கெல்லாம் இது வருமா?

வரும். மெதுவாக வரும். யோவானைப் பாருங்கள். அவருக்கும் அவர் அண்ணன் யாக்கோபுக்கும் இயேசு வைத்த பட்டப்பெயரே "இடிமுழக்க மக்கள்". ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை என்றதும், வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கும்படி சொல்லட்டுமா என்று கேட்டவர்கள் இந்த இருவரும்தான் (லூக்கா 9:54). பிறகு அப்போஸ்தலர் 8-ம் அதிகாரத்தைத் திறந்தால், சமாரியர் தேவவசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு எருசலேமிலிருந்து அனுப்பப்படுகிற இருவரில் ஒருவர் யோவான். தீ கேட்ட அதே ஜனங்களுக்காகக் கை வைத்து ஜெபிக்கிறார். இடையில் நடந்ததெல்லாம், இயேசுவோடும் மற்ற சீஷர்களோடும் அவர் கூடவே இருந்தது. கோபக்காரர் என்று யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை.

இன்னொருவரும் உண்டு. சுமார் 200-ம் ஆண்டுவாக்கில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பொறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்தக் குணம் தன்னிடம் இல்லை என்றும், நோயாளி ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறேன் என்றும் ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்டார். அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஒரு நடைமுறை யோசனை: கோபம் வந்தால் கூட்டத்தின் நடுவில் பதில் சொல்லாமல், "இதை நாளைக்குப் பேசலாமா அண்ணா?" என்று கேளுங்கள். கேட்டபடி மறுநாள் கட்டாயம் போய்ப் பேசவும் வேண்டும்.

மனந்திரும்பிய சகோதரர் மறுபடி மறுபடி குடியில் விழுகிறார். எத்தனை தடவை பொறுப்பது?

எங்கள் பகுதியில் ஜெபக்குழு நடத்துகிற யாரும் இந்தக் கேள்வியைத் தப்பிக்க முடியாது. ஞானஸ்நானம் எடுத்து, சாட்சி சொல்லி, ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு, சம்பளம் கிடைத்த சனிக்கிழமை மாலை மறுபடி கடை வாசலில் நிற்பவரைப் பார்த்தால் மனம் உடைந்துபோகிறது. அவர் மனைவிக்கோ அதைவிடப் பல மடங்கு.

லூக்கா 13-ல் ஓர் அத்திமரம் வருகிறது. மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை. வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரனோ, "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்கிறான். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அல்போன்சா மரம் ஒரு வருஷம் கொட்டிக் காய்த்தால் அடுத்த வருஷம் பேருக்குத்தான் பூக்கும், அதற்காக யாரும் கோடாலியைத் தூக்குவதில்லை. ஆனால் காய்க்காத வருஷத்திலும் உழவு உண்டு, எரு உண்டு, கவாத்து உண்டு. அந்தத் தோட்டக்காரன் கேட்ட அவகாசத்திலும் வேலை இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம் என்று அவன் சொல்லவில்லை.

அந்தச் சகோதரருக்கு அந்த வேலை எப்படி இருக்கும்? சம்பள நாள் மாலையில் குழுவிலிருந்து ஒருவர் அவரோடு வீடுவரை நடந்து வருவது. கையில் காசு கொடுக்காமல், அரிசியோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமோ நேரடியாகச் செலுத்துவது. அரசு மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று விசாரித்துக் கூடவே போவது. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "ஜெபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம்" என்று யாரும் சொல்ல வேண்டாம். மறுபடி விழுந்தால்? மறுபடி கொத்துங்கள். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவிடம் "ஏழெழுபதுதரமட்டும்" என்று சொன்ன இயேசு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் பொருளாளர் பொறுப்பை அவரிடம் கொடுக்காதீர்கள். அன்பு வேறு, பொறுப்பை ஒப்படைப்பது வேறு.

கணவர் அடிக்கிறார். பொறுமையாய் இரு, ஜெபம் பண்ணு என்று சபையில் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

அம்மா, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் வேலை செய்யும். அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2005-லிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அதே வீட்டில் வாழும் உரிமையையும் கேட்கலாம்.

இதைக் கேட்டு "பைபிள் அப்படிச் சொல்லவில்லையே" என்று யாராவது சொன்னால், இதைக் காட்டுங்கள்: தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலின்மேல் கை போட மறுத்தார், அது பொறுமை. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினார், அன்று இரவே தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10). அதற்குப் பிறகு சவுல் அழுது மன்னிப்புக் கேட்டபோதும், தாவீது அவனோடு ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மன்னிப்பதற்காக அடி எட்டும் தூரத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

சபைப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்டு வந்தவரிடம் பொறுமையைப் பிரசங்கிக்காதீர்கள். அந்தப் பிரசங்கத்தை அடித்தவரிடம் போய்ச் செய்யுங்கள். குழந்தைத் திருமணமும் இதே வரிசைதான். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் நடக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்கு ஓலை எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தால், "அவங்க குடும்ப விஷயம், பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

சபையில் சாதி பார்க்கிறார்கள். இதற்கும் பொறுமை வேண்டுமா?

தனித்தனி இடம், தனித்தனி கல்லறை, சில வீடுகளில் மட்டும் கூட்டம் வைப்பது, சில வீட்டுச் சாப்பாட்டைச் சாக்குச் சொல்லித் தவிர்ப்பது. இதெல்லாம் நம்மிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீடிய பொறுமையை ஆவியின் கனியாகச் சொல்கிற கலாத்தியர் நிருபத்தையே எடுங்கள். அது ஐந்தாம் அதிகாரம். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் நடந்ததைப் பவுல் எழுதுகிறார். யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் பின்னாலேயே போனார். பவுல் எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே பேதுருவை எதிர்த்தார். தனியாகப் போய்ச் சொல்லவில்லை, காத்திருக்கவும் இல்லை. ஏனென்றால் பந்தியைப் பிரித்தது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்த காரியம், அவமானப்பட்டவர்களும் எல்லோர் கண்ணெதிரிலும்தான் அவமானப்பட்டார்கள். பவுலுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒதுக்கப்பட்டவரிடம் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒதுக்கியவர்கள் சொல்வதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

குழுவில் ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. கேட்டால் பொறுமையில்லாதவன் ஆகிவிடுவேனா?

கேட்கலாம். தொண்டையைப் பிடிக்காமல் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் முதலில் தொடங்கியது 1989-ல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது அதில் இருந்தது. ஆகவே குழுவாக உட்கார்ந்து சேமிப்பது, நோட்டில் எழுதுவது, தவணை தவறினால் எல்லோர் முன்னாலும் பேசுவது எல்லாம் இங்குள்ள பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதே அக்காமார் ஜெபக்குழுவில் மட்டும் எழுத்தில்லாமல் கொடுத்துவிட்டு, வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் கடன் வாங்கியவர் வரும் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். பணமும் போகிறது, உறவும் போகிறது. எழுதிக் கொடுங்கள். தவணை குறித்துப் பேசுங்கள். உண்மையிலேயே முடியாதவர் என்று தெரிந்தால், மனதார விட்டுவிட்டேன் என்று அவரிடமே சொல்லுங்கள். மனதுக்குள் விட்டுவிட்டு அவரிடம் சொல்லாமல் இருந்தால், அந்த மனிதர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கூனிக் குறுகிக்கொண்டே இருப்பார்.

ஒருவர் ஜெபிக்க ஆரம்பித்தால் அரைமணி நேரம் நிறுத்துவதில்லை. சொன்னால் வருத்தப்படுவாரே?

பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், தூரத்துக் கிராமத்துக்காரர்களுக்குப் பஸ் போய்விடும். மற்றவர் நேரமும் கர்த்தர் கொடுத்ததுதான். எங்கள் குழுவில் கூட்டத்தை நடத்துபவர் ஆரம்பத்திலேயே "இன்றைக்கு நாலு பேர் ஜெபிக்கிறோம், ஆளுக்கு ஒரு விண்ணப்பம்" என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுவார். யாரையும் குறிப்பாகச் சொன்னதாக ஆகாது. நீளமாக ஜெபிப்பவர் பெரும்பாலும் வீட்டில் பேச ஆளில்லாத முதியவராக இருப்பார். கூட்டம் முடிந்து அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், அடுத்த வாரம் ஜெபம் தானாகக் குறையும்.

ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சண்டை வருகிறதே?

சண்டை வந்த விஷயத்தை அங்கே தொடராதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எழுத்தில் குரல் கேட்காது.

பல வருஷமாக ஜெபித்தும் குழந்தை இல்லை. "கர்த்தருடைய வேளை வரும், பொறுமையாயிரு" என்று எல்லோரும் சொல்வது தாங்க முடியவில்லை.

உங்களிடம் பொறுமை கேட்பதற்கு முன்னால், குழுவிலுள்ள நாங்கள் பொறுமை கற்றுக்கொள்ள வேண்டும். பார்த்த உடனே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்காத பொறுமை. வளைகாப்புக்கு உங்களை அழைக்கலாமா வேண்டாமா என்று முதுகுக்குப் பின்னால் பேசாத பொறுமை.

அன்னாளின் கதையில் (1 சாமுவேல் 1) இரண்டு பேர் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. "பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று அன்பாகக் கேட்டுத் துக்கத்தைச் சீக்கிரம் மூடிவைக்கப் பார்த்தவர் கணவர் எல்க்கானா. உதடு மட்டும் அசைவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டியவர் ஆசாரியன் ஏலி. ஆலயத்தில் வந்து அழுத பெண்ணைத் தவறாகப் படித்தது ஆலயத்தின் பெரியவர்தான். ஏலியிடம் பாராட்டக்கூடியது ஒன்று உண்டு: அவள் விளக்கிச் சொன்னதும் கேட்டார், உடனே பேச்சை மாற்றிக்கொண்டு ஆசீர்வதித்து அனுப்பினார்.

அழுவது பொறுமையின்மை இல்லை. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கிற 13-ம் சங்கீதம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. யோபு வாயை அடக்க மாட்டேன் என்று சொல்லிப் புலம்பித் தள்ளினார். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபுவுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. யோபுவின் பொறுமையை யாக்கோபு நிருபம் புகழும்போது, இந்தப் புலம்பல்களையும் சேர்த்துத்தான் புகழ்கிறது. மருத்துவரைப் பார்ப்பதும் தத்தெடுப்பதைப் பற்றி யோசிப்பதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா?

யாக்கோபு 5:7 பயிரிடுகிறவனை உதாரணம் காட்டுகிறது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறவன் அவன். ஆனால் கேழ்வரகு விதைக்கிறவர் மழைக்குக் காத்திருந்த நாட்களில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

நம் மாவட்டங்களின் தண்ணீர்க் கதையையும் சொல்லலாம். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த முன்பற்களை வைத்தே ஒருவர் எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு அது இங்கே சாதாரணம். சிலருக்கு முட்டி வளைந்தது, முதுகு மடங்கியது. காவிரி மாவட்ட எல்லையிலேயே ஓடுகிறது, குடிக்க முடியவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்படும்வரை மக்கள் காத்திருந்தார்கள். மனு எழுதிக்கொண்டே, போராட்டத்துக்குப் போய்க்கொண்டே காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருப்பதையும் நான் பொறுமை என்றுதான் சொல்வேன். லூக்கா 18-ல் நியாயாதிபதியை விடாமல் தொல்லை செய்த விதவையை இயேசு நமக்கு முன்மாதிரியாக வைக்கிறார்.

ஓசூர் சபையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மொழிப் பிரச்சினை. எங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்கிறார்கள்.

வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஊர் ஓசூர். ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர், தனக்குப் புரியாத மொழியில் ஒரு மணி நேரப் பிரசங்கம் கேட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் அறைக்குத் திரும்புகிறார்.

ஆதி சபையிலும் இதுதான் நடந்தது. அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுக்காதீர்கள், பொறுமையாயிருங்கள் என்று பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொல்லி, அவர்களிடம் பந்தி வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கும் என்றுதான் அந்தப் பெயர்களைப் பார்த்தால் தோன்றுகிறது. உங்கள் சபைக் கமிட்டியில் எத்தனை மொழிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

போதகரிடம் காணிக்கைக் கணக்குக் கேட்பது பொறுமையற்ற செயலா?

இல்லை. பவுலே தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடி கூட ஆட்களை வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20-21). மரியாதையாக, உரிய கூட்டத்தில், எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை. பிரிந்து போகலாமா? பிரிந்தவர் திரும்பி வந்தால்?

பிரியலாம், சில நேரம் வேறு வழி இருக்காது. மாற்கு என்ற வாலிபர் முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பர்னபா, கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15). லூக்கா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். வருஷங்கள் கழித்து, மரணத்தை எதிர்பார்த்துச் சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." பர்னபா அந்த வாலிபரை விட்டிருந்தால் பவுல் இப்படி எழுதியிருக்க முடியுமா என்று யோசிக்கிறேன். பவுலுக்கு இல்லாத பொறுமை அன்று பர்னபாவிடம் இருந்தது. அது பவுலுக்கும் பின்னால் உதவியது.

கருத்து வேறுபாட்டின் நடுவிலும் ஒருவர் இதைக் காத்துக்கொள்ள முடியும். 256-ல் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், ஞானஸ்நானம் பற்றிய விவாதத்தில் ரோம ஆயர் ஸ்தேவானோடு கடுமையாக மோதிக்கொண்டிருந்தார். பொறுமையின் நன்மையைப் பற்றி அவர் எழுதியது அந்தக் காலத்தில்தான். தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் தன்னோடு ஒத்துப்போகாத ஆயர்களோடு ஐக்கியத்தை முறித்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

ஆகவே பிரிகிறவர் போகும்போது பழி சொல்லிவிட்டுப் போகாதீர்கள், இருக்கிறவர்களும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவதை நிறுத்தாதீர்கள். திரும்பி வந்தால், "இத்தனை நாள் எங்கே போனீங்க?" என்று ஆரம்பிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டுச் சாட்சி சொல்லும்படி எல்லோர் முன்னும் நிறுத்தவும் வேண்டாம். பழைய பிரச்சினையைப் பேசத்தான் வேண்டும் என்றால், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், அதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. முன்பு பாட்டு எடுத்தவர் என்றால் பாட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்து, "அண்ணா, ஒரு பாட்டு ஆரம்பிங்க" என்று கேளுங்கள்.